மேஸ்திரியிடம் கேளுங்கள்: கண்ணாடி பளபளக்கிறது, சட்டம் பல்லிளிக்கிறது!

தை பிறக்கப் போகிறது என்றாலே வீட்டைத் துடைக்கும் வேலை ஆரம்பித்துவிடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜன்னல் பற்றியவை. அதனால் கட்டில், பீரோ கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஐயா, எங்களுடையது தாத்தா காலத்து வீடு. எல்லாம் பர்மா தேக்கு ஜன்னல்கள். கடையில் விற்கும் ஸ்பிரேயைக் கண்ணாடியில் அடித்துத் துடைக்கிறோம். கொஞ்ச காலமாகக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பீடிங் (கண்ணாடியைப் பிடித்து நிற்கும் மெல்லிய மரச் சட்டம்) மட்டும் வெள்ளை பூத்து, தொட்டால் பிசுபிசுக்கிறது. மேல் சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மரத்தில் பூச்சி விழுந்துவிட்டதா?
— வாசகி, காரைக்குடி

பூச்சி இல்லை அம்மா. ‘கீழ் பீடிங் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. கண்ணாடியில் அடிக்கும் ஸ்பிரேயில் துணிக்கு வருவது போக மிச்சம் வழிந்து இறங்குகிறது. இறங்கி அந்தப் பீடிங்கின் மேல் விளிம்பில் தேங்குகிறது. கண்ணாடி காய்ந்ததும் வேலை முடிந்தது என்று நாம் போய்விடுகிறோம். அது அங்கேயே கிடந்து ஊறுகிறது. உங்கள் பீடிங்கை உற்றுப் பாருங்கள். வெள்ளை ஒரே சீராக இருக்காது. சொட்டு இறங்கிய இடமெல்லாம் நாக்கு நாக்காக நீண்டிருக்கும். இரண்டு மூலைகளிலும் இன்னும் அடர்த்தியாக இருக்கும்.

அந்தக் காலத்து பாலிஷ் பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. அரக்கு பாலிஷின் அழகுக்கு ஈடில்லை, ஆனால் அது கொஞ்சம் தொட்டால்சிணுங்கி. ஸ்பிரிட் பட்டால் கரையும். காரம், அதாவது சோடா, அமோனியா வகை பட்டாலும் கரையும். தண்ணீர் நின்றால் வெளுக்கும். கண்ணாடி ஸ்பிரேக்களில் பலவற்றில் ஆல்கஹால் வகை ஏதாவது இருக்கும், சிலவற்றில் அமோனியாவும் இருக்கும். தண்ணீர் எப்படியும் உண்டு. மூன்று எதிரிகளையும் ஒரே பாட்டிலில் அடைத்துப் பூசினால் அரக்கு என்ன செய்யும்?

உங்களுடையது அரக்குதானா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து, கீல் இருக்கும் பக்கத்தில், கதவை மூடினால் தெரியாத இடத்தில் லேசாகத் தேயுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறி, தேய்த்த இடம் ஒட்டினால் அரக்கு. ஒன்றும் ஆகாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ, பிற்காலத்தில் யாரோ அடித்த மெலமைன் பூச்சோ, பி.யு. என்கிற பாலியூரிதேன் பூச்சோ ஆக இருக்கும்.

‘அப்போ வார்னிஷ் என்றால் பயமில்லையா’ என்று கேட்பீர்கள். ஸ்பிரிட் விஷயத்தில் அவ்வளவு பயமில்லை. காரத்துக்குப் பயம் உண்டு. சாதாரண வார்னிஷும் எனாமல் பெயின்ட்டும் எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. எண்ணெயோடு காரம் சேர்ந்தால் சோப்பு. சலவை சோடாவும் அமோனியாவும் அந்தப் படலத்தை மெல்ல மெல்ல சோப்பாக்கித் துடைத்து எடுத்துவிடும். முதலில் மினுமினுப்பு போகும், அப்புறம் தேய்க்கிற துணியில் நிறம் வரும். பி.யு. இவற்றை எல்லாம் விட நன்றாகத் தாங்கும்.

இனி துடைக்கும் முறை. ஸ்பிரே வேண்டுமென்றால் துணியில் அடியுங்கள், கண்ணாடியில் அடிக்காதீர்கள். அரக்கு பாலிஷ் உள்ள ஜன்னலுக்கு ஸ்பிரேயே வேண்டாம். வெறும் தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணி போதும். பிழிந்த பிறகு ஒரு சொட்டுகூட விழக் கூடாது. கண்ணாடியின் நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரத்தை, காய்ந்த துணியை நகத்தில் சுற்றிக்கொண்டு இழுத்து எடுங்கள். கீழ் பீடிங்கை அதே கையோடு துடைத்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போங்கள். எல்லா ஜன்னலையும் முடித்துவிட்டு வந்து துடைக்கலாம் என்றால், அதற்குள் ஊறியிருக்கும்.

பூத்துப்போன இடத்துக்கு வழி இருக்கிறது. வெறும் வெள்ளை மூட்டமாக இருந்தால், பாலிஷ் தெரிந்த ஆள் ஸ்பிரிட் தொட்ட துணிப் பொட்டலத்தால் ஓர் இழுப்பு இழுத்தால் தெளிந்துவிடும். அரக்கில் பிடித்த குணம் எனக்கு அதுதான்: புதுப் பூச்சு பழையதைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும், ஒட்டுப் போட்டது தெரியாது. பிசுபிசுக்கும் இடத்தை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். ‘எதுக்கும்மா அரக்கு, மேலேயே பி.யு. அடிச்சுடலாம்’ என்று யாராவது சொன்னால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். மெழுகு கலந்த பழைய அரக்கின் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காது. பிறகு ஏடு ஏடாக உரியும்.

வெள்ளை எனாமல் அடித்த ஜன்னல். வேலைக்கு வரும் அம்மா செய்தித்தாளால் துடைக்கிறார். கண்ணாடி அருமையாக இருக்கிறது, ஓரமெல்லாம் கறுப்பு. சோடா போட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு போய்விட்டது. வெள்ளை வேறு மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், மயிலாப்பூர்

கறுப்பு, அச்சு மை. ஈரக் கண்ணாடியில் கசங்கும் காகிதம் மையை விடும், அதை வெள்ளைச் சட்டம் வாங்கிக்கொள்ளும். கண்ணாடிக்குக் காகிதம் நல்லதுதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஓரத்துக்கு மட்டும் துணியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். படிந்த கறையைப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன், அரை வாளித் தண்ணீர், மெத்தென்ற துணி, இவற்றால் எடுக்கலாம். பச்சை நாரைத் தொடாதீர்கள். அது கீறிவிடும், கீறிய இடத்தில் அடுத்த அழுக்கு இன்னும் உறுதியாக உட்காரும்.

சோடாவால் போன மினுமினுப்பு துடைத்தால் திரும்பாது. நல்ல தண்ணீரால் காரம் போகக் கழுவி, காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து இன்னொரு கோட் அடிக்க வேண்டியதுதான்.

மஞ்சளுக்கு வேலைக்கார அம்மாவைத் திட்டாதீர்கள். எண்ணெய் சார்ந்த வெள்ளை எனாமல், வெளிச்சம் குறைந்த இடத்தில் தானாகவே மஞ்சளாகும். திரைச்சீலை மறைக்கும் பக்கம் அதிகமாகவும் வெயில் படும் பக்கம் குறைவாகவும் மஞ்சளாகியிருக்கிறதா என்று பாருங்கள். அமோனியா உள்ள ஸ்பிரேயும் அதைத் துரிதப்படுத்தும். அடுத்த முறை தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் எனாமல் அடியுங்கள், அது இப்படி மஞ்சளாகாது.

அண்ணே, வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். கண்ணாடியில் எப்போதும் உப்பு மங்கல். ஹோஸ் போட்டு அடித்தால் போகிறது, ஆனால் வேப்பமர ஜன்னலின் கீழ் மூலைகள் கறுத்து மெத்துமெத்தென்று ஆகிவிட்டன. ஆணியைச் சுற்றியும் கறுப்பு வட்டம்.
— தம்பி ஒருவர், நாகப்பட்டினம்

உப்பு போக நல்ல தண்ணீர் வேண்டும், அதில் தப்பில்லை தம்பி. வேகம்தான் தப்பு. மரம் தண்ணீர் குடிப்பது முகத்தால் அல்ல, வெட்டுவாயால். சட்டத்தின் நுனியில் மரத்தின் குழாய்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. ஜன்னல் கதவின் கீழ் மூலையில் நிற்கும் சட்டம் முடிகிற இடம் அப்படிப்பட்ட வெட்டுவாய். ஹோஸ் தண்ணீர், மக்கு (இடுக்கை அடைக்கும் பசை) விட்டுப்போன இடுக்கில் புகுந்து அங்கே போய்ச் சேருகிறது. மேலே பெயின்ட் இருப்பதால் உள்ளே போன ஈரம் சீக்கிரம் வெளியேறாது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போய் அங்கேயே நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். மெத்துமெத்து அதுதான்.

ஸ்க்ரூடிரைவர் நுனியை அந்த மூலையில் வைத்து அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கினால், கெட்டதைச் செதுக்கி எடுத்து ஒட்டு வைக்கலாம். பாதி வரை இறங்கினால் கீழ்ச் சட்டத்தையே மாற்றிவிடுங்கள். மக்கு வைத்து மூடிப் பெயின்ட் அடிப்பது ஏமாற்று வேலை. அதோடு, கதவைக் கழற்றும்போது அடி விளிம்பைப் பாருங்கள். அங்கே பெயின்ட் இருக்காது. ஐப்பசி மழையில் கதவு பிடிக்கிறது என்று ஆசாரி இழைத்துவிட்டுப் போயிருப்பார், இழைத்த இடத்துக்கு யாரும் பூச்சு அடித்திருக்க மாட்டார்கள். (சித்திரையில் அதே கதவு ஆடும், பல்லி புகும் அளவுக்குச் சந்து விடும். மழைக்காலத்தில் இழைக்கவே கூடாது என்று நான் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அடி விளிம்புக்கும் பிரைமரும் இரண்டு கோட்டும் அடியுங்கள்.

கறுப்பு வட்டம் இரும்பால் வந்தது. இரும்பும் ஈரமும் மரத்தில் உள்ள துவர்ப்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுக்கும். வினிகர் போட்டுத் துடைத்தால் இரும்பு இன்னும் அரிக்கும். ஆணிகளைப் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகளாக மாற்றுங்கள். உப்புக் காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. மேல் பூச்சை எடுத்த பிறகு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் கறுப்பை எடுக்கும். ஆனால் அது விஷம். கையுறை போட்டு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் செய்து, நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள்.

இனிமேல் உப்புக்கு ஹோஸ் வேண்டாம். ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு ஸ்பாஞ்சு, ரப்பர் வைப்பர். மேலிருந்து இழுத்துவிட்டு, அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

போர் தண்ணீரால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். பாத்ரூம் ஆசிட் போடலாமா?
— வாசகி, திருப்பூர்

கூடாது. புள்ளி போகும், கூடவே கம்பியில் துரு ஏறும், சட்டத்தில் பெயின்ட் கெடும், மூக்கும் எரியும். அந்தப் புள்ளி சுண்ணாம்பு. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்துக் கண்ணாடியில் மட்டும் கொஞ்ச நேரம் ஒட்டவைத்து எடுங்கள். உடனே நல்ல தண்ணீர்த் துணியால் ஓரத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுங்கள்.

வார்னிஷ் மங்கிய ஜன்னலுக்குத் தேங்காயெண்ணெய் தடவினால் புதிது போல மின்னுகிறது. தொடரலாமா?
— வாசகி, நாகர்கோவில்

அந்த மினுக்கம் ஒரு வாரத்துக்கு. தேங்காயெண்ணெய் காயாத எண்ணெய். மேலே அப்படியே நின்று தூசியைப் பிடித்து வைக்கும். பிறகு வார்னிஷ் அடிக்க வருபவன் பாடு திண்டாட்டம். ஆளிவிதை எண்ணெய் காயும் எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். வார்னிஷ் முழுவதும் போய் மரம் தெரியும் இடத்துக்கு அது ஆகும், வார்னிஷ் இருக்கும் இடத்துக்கு அதுவும் வேண்டாம். தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

பொங்கலுக்குள் பழைய பெயின்ட்டைத் தேய்த்துவிட்டு நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது.
— வாசகர், சேலம்

மெஷினை விட்டுவிடுங்கள் சார். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் என்ன இருக்கிறதோ, யார் கண்டது! காய்ந்த மரத்தில் மெஷின் ஓட்டினால் அந்தத் தூள் வீடு முழுக்கப் பறக்கும், தவழும் குழந்தை இருந்தால் வாய்க்குப் போகும். தண்ணீர் உப்புத்தாளை நனைத்துக் கையால் தேயுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். விழும் சேற்றை ஈரத்தோடு துணியால் எடுத்துக் கட்டிப் போடுங்கள், பெருக்காதீர்கள். தேய்த்து முடித்து இரண்டு நாளாவது நல்ல வெயிலில் மரம் காயட்டும். மார்கழிப் பனியில் விடியற்காலையில் பிரஷ்ஷைத் தூக்க வேண்டாம், பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலுக்குள் முடியவில்லை என்றால் மாசியில் அடித்தால் போயிற்று.