இறங்கியதும் ஓடுவது

அன்புள்ள சார்,

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் கோவா 70.3 டிரையத்லானுக்காகத் தயாராகி வருகிறேன். ஞாயிறுதோறும் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். இறங்கிய கையோடு பத்து கிலோமீட்டர் ஓடவேண்டும் என்பது திட்டம். ஆனால் முதல் இரண்டு கிலோமீட்டர் கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. ஐந்தாவதில் நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். அப்புறம் புதன் வரை தொடை வலி. குழுவில் கேட்டால், “இன்னும் நிறைய ஓடு, கால் பழகிவிடும்” என்கிறார்கள். இப்படிச் சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பிரிக் பயிற்சியில் எவ்வளவு தூரம் ஓடவேண்டும்? ஓட்டத்துக்கு சாக்ஸ் போடுவதா, நேரத்தை மிச்சம் பிடிப்பதா?

அ., வேளச்சேரி

அன்புள்ள அ.,

பத்து கிலோமீட்டர் வேண்டாம். பதினைந்து நிமிடம் ஓடுங்கள், போதும். ஆனால் வாரம் ஒருமுறையாவது ஓடுங்கள்.

மூன்று மணி நேரம் இடுப்பு மடிந்தே இருந்திருக்கிறது. உடல் எடையைச் சீட் தாங்கிக்கொண்டது, தொடை அழுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் காலில் இறங்குகிறது. கெண்டைக்காலும் குதிகால் நாணும் அதை வாங்கி, திருப்பி உந்தித் தள்ளவேண்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நரம்பும் தசையும் மாறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகின்றன. பழகப் பழக அந்த நேரம் குறைகிறது. பிரிக் பயிற்சி அதற்குத்தான். அந்தப் பாடம் முதல் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மீதி ஓட்டமெல்லாம் களைத்த காலில் ஓடுவது மட்டும்தான். அதற்கான விலையைத்தான் புதன் வரை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீள ஓட்டத்தை வேறொரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு மூன்று, நான்கு வாரம் முன்பு ஒரே ஒருமுறை, சைக்கிளுக்குப் பிறகு ஐம்பது நிமிடம் ஓடிப்பாருங்கள், சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரக்கட்டை என்கிறீர்களே, அந்த முதல் கிலோமீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓடினீர்கள் என்று வாட்ச்சில் பாருங்கள். பெரும்பாலும் வழக்கத்தைவிட வேகமாகத்தான் இருக்கும். பைபாஸில் நூறில் வந்துவிட்டு ஊருக்குள் நாற்பதில் போனால் வண்டி ஊர்வது மாதிரி இருக்குமே, அதே ஏமாற்றுதான். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்குப் பத்து கிலோமீட்டர் வேகம் நடையாகத் தெரிகிறது. பெடலைச் சுற்றிய சந்தத்திலேயே காலும் தப்தப்பென்று விழுகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் நடந்ததற்குக் காரணம் முதல் கிலோமீட்டரிலேயே இருக்கலாம். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் உங்கள் இலக்கு என்றால் முதல் கிலோமீட்டரை ஆறரையில் ஓடுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. இந்த விஷயத்தில் காலை நம்பாதீர்கள், வாட்ச்சை நம்புங்கள்.

வெயிலும் கணக்கில் உண்டு. சைக்கிளில் போகும்போது காற்று வியர்வையை உலர்த்திக்கொண்டே வரும். இறங்கிய நிமிடமே அந்தக் காற்று போய்விடும், உடம்பு கொதிக்கும். கடற்கரைப் புழுக்கத்தில் சொல்லவே வேண்டாம். கடைசி இருபது நிமிடத்தில் கெட்டியாக எதையும் தின்னாமல், உப்புச் சேர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கடைசி ஐந்து நிமிடம் கியரைக் குறைத்து இலகுவாக மிதியுங்கள். ஓரிரு முறை பெடல்மேல் எழுந்து நின்று இடுப்பை நீட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும்போது செய்யவேண்டிய கைவேலை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் டிரையத்லான் போட்டியில் நியூசிலாந்தின் ஹேடன் வைல்ட், சைக்கிளை ரேக்கில் மாட்டுவதற்கு முன்பே ஹெல்மெட் பக்கிளைக் கழற்றிவிட்டார் என்று பத்து விநாடி தண்டனை விதித்தார்கள். ஓட்டத்தில் இங்கிலாந்தின் அலெக்ஸ் யீ அவரை எட்டிப் பிடித்துவிட, இருவரும் சேர்ந்தே ஓடிவந்தார்கள். கடைசி நேர்பாதையில் வைல்ட் யீக்குக் கைகொடுத்துவிட்டுத் தண்டனைக் கட்டத்தில் போய் நின்றார். தங்கம் யீக்குப் போனது, வைல்டுக்கு வெள்ளி. உலகத்தரத்து ஆளுக்கே இந்தக் கதி. மூன்று மணி நேர வெயிலுக்குப் பிறகு நம் மூளை எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள்.

இதைப் பழக ஈசிஆர் தேவையில்லை, அபார்ட்மென்ட் பார்க்கிங் போதும். தரையில் சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள், அதற்கு முன்பே இறங்கவேண்டும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஏதாவது கம்பியில் மாட்டுங்கள். கை சீட்டை விட்ட பிறகுதான் பக்கிளைத் தொடவேண்டும். அப்புறம் ஷூ, தொப்பி. நம்பர் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியபடியே மாட்டலாம். ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் போட்டுவிடுங்கள், களைத்த விரலுக்கு முடிச்சுப் போட வராது. டைல்ஸ் தரையில் மட்டும், பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் ஷூவோடு ஓடாதீர்கள், வழுக்கும். சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னர் வீட்டில் இருந்தால் வார நாளில் பதினைந்து நிமிடம் மிதித்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஓடுங்கள். இப்படி மூன்று சுற்று. ஞாயிற்றுக்கிழமைப் பத்து கிலோமீட்டரைவிட இதில் கிடைப்பது அதிகம், ஏனென்றால் ஒரே காலையில் மூன்றுமுறை இறங்கி ஓடியிருப்பீர்கள். வாட்ச்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், நாலு நாளில் அவருக்கும் பழகிவிடும்.

சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் வேண்டுமானால் அதில் பத்து விநாடி மிச்சம் பிடிக்கட்டும். உங்களுக்கு 21.1 கிலோமீட்டர், அதுவும் தலைமேல் ஊற்றிய தண்ணீரெல்லாம் ஷூவுக்குள் இறங்கி, ஈரக்காலில். முந்தைய நாளே சாக்ஸில் கொஞ்சம் பவுடர் தூவி, பாதி சுருட்டி ஷூவுக்குள் வைத்துவிடுங்கள். ஈரக்காலிலும் ஏறிவிடும்.