அந்தக் கண்கள் சாட்சி

கேள்வி: பேருந்து விபத்தில் இறந்தவர்களின் உடல்களை ஒரு நாளிதழ் முதல் பக்கத்தில் அப்படியே போட்டிருந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகன் பேப்பரைக் குப்புறப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். நீங்கள் நாளிதழில் பக்கம் போட்டவர். இதற்கெல்லாம் கணக்கு ஏதும் உண்டா? போபால் விஷவாயுவில் இறந்த குழந்தையின் படத்தை மட்டும் எல்லோரும் கொண்டாடுகிறார்களே?
– ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: கணக்கா? ராத்திரி பதினோரு மணிக்கு டீயும் அவசரமும்தான் கணக்கு, அம்மா. நானும் போட்டிருக்கிறேன். 2004 சுனாமியின்போது, வரிசையாகக் கிடத்தியிருந்த உடல்களின் படத்தை நாலு பத்தி அகலத்துக்கு விரித்தேன். முகங்கள் தெரிந்தன. மறுநாள் ஒருவர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இடதுபக்கமிருந்து மூணாவது எங்க அண்ணன் மாதிரி இருக்கு சார், பெரிய படம் கிடைக்குமா?" என்றார்.

அதே வாரம், டிசம்பர் 28 அன்று, கடலூரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் அர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். மணலில் விழுந்து, உள்ளங்கைகளை விரித்து அழும் பெண். இறந்த உறவினரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில். அந்த ஆண்டின் வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது அதற்குத்தான். நான் போட்ட நாலு பத்தியில் இல்லாதது அந்த ஓரத்துக் கையில் இருந்தது.

போபால் வேறு. 1984 டிசம்பரில், புதைக்கப்படும் அந்தக் குழந்தையை ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்திலும் எடுத்தார்கள். மண்ணுக்கு வெளியே முகம் மட்டும், கண்கள் திறந்தபடி. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் கண்ணையும் நுரையீரலையும் தாக்கும் வாயு. அந்தக் கண்களே சாட்சி. பதில் சொல்ல வேண்டிய ஒரு நிறுவனமும் இருந்தது. என் கைக்கு வந்திருந்தால் போட்டிருப்பேன், கை நடுங்கினாலும்.

உங்கள் ஊர்ப் பேருந்துக்கு வருவோம். ஓட்டுநர் தூங்கினாரா, பிரேக் பிடிக்கவில்லையா என்பதை எந்த உடலும் சொல்லாது. நசுங்கிய பேருந்து ஓரளவு சொல்லும். அதைப் போட்டிருக்கலாம். உங்கள் மகன் செய்ததை ஆசிரியர் குழுவில் ஒருவராவது செய்திருக்க வேண்டும்.

போனில் கேட்டவருக்காகப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கவரில் போட்டு வரவேற்பறையில் கொடுத்து வைத்தேன். வாங்க யாரும் வரவில்லை.