விழித்திரை பிரிந்து ஆபரேஷன் செய்தால் பார்வை பழையபடி வருமா?

அப்பாவுக்கு நாளை மறுநாள் ஆபரேஷன், பக்கிள், விட்ரெக்டமி என்ற இரண்டு ஆபரேஷன் முறைகளில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே சிங்கப்பூரில் என் வலது கண்ணுக்கு விட்ரெக்டமி நடந்தது. என்னைக் கேட்டால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: “மாகுலா ஒட்டியிருக்கிறதா, பிரிந்துவிட்டதா?”

மாகுலா விழித்திரையின் நடுப்பகுதி. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதை வைத்துத்தான். அது பிரியுமுன் சரிசெய்தால் நல்ல பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். பிரிந்துவிட்டால் ஒவ்வொரு நாளும் கணக்கு. எனக்குக் கிட்டப்பார்வை அதிகம், மைனஸ் ஒன்பது பவர். ஓரத்தில் மின்னல் வெட்டியது, கண்ணுக்குள் கொசு பறப்பதுபோல் தெரிந்தது, மூக்குப் பக்கம் கீழிருந்து ஒரு நிழல் ஏறியது. தூக்கம் போதவில்லை என்று நினைத்து நான்கு நாள் தள்ளிப்போட்டேன். எம்ஆர்டி ரயிலில் ஸ்டேஷன் பெயர் தெரியாமல் போனபோதுதான் ஓடினேன். அந்த நான்கு நாளை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

கண்ணுக்குள் இருக்கும் ஜெல் வயதோடு சுருங்கி இழுக்கும்போது விழித்திரையில் ஓட்டை விழுகிறது. அதன் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல் திரை பெயர்கிறது. ஓட்டையை அடைப்பதுதான் எல்லா முறையிலும் வேலை. பக்கிள் என்றால் வெளியே சிலிக்கான் பட்டை தைத்துக் கண் சுவரை உள்ளே அழுத்துவது. ஜெல் கெட்டியாக இருக்கும் இளவயதினருக்கு அதிகம் பொருந்தும். விட்ரெக்டமியில் ஜெல்லை எடுத்து, ஓட்டையைச் சுற்றி லேசர் வைத்து, உள்ளிருந்து ஓட்டையை அழுத்திப் பிடிக்க கேஸ் நிரப்புவார்கள். எது என்பதைக் கண்ணைப் பார்த்த டாக்டரிடம் விட்டுவிடுங்கள்.

கட்டுப் பிரித்ததும் பயந்துவிடாதீர்கள். கேஸ் நிறைந்திருக்கும்வரை கையசைவுதான் தெரியும். பிறகு மேலிருந்து ஒரு கோடு இறங்கும். டம்ளரில் தண்ணீர் மட்டம் போல ஆடும், அதற்கு மேலே தெளிவு. நாளுக்கு நாள் கோடு இறங்கி, கடைசியில் அடியில் ஓர் உருண்டைக் குமிழி மட்டும் மிஞ்சும். ஒரு காலை எழுந்தபோது அதுவும் இல்லை, அழுதுவிட்டேன். எனக்கு ஏழு வாரம் ஆனது. இரண்டு வாரத்தில் கரையும் கேஸும் உண்டு.

கேஸ் முழுதும் கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போனால் கேஸ் விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வையே போகலாம். திருச்சியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பஸ்ஸில்தானே என்று மலேசியாவின் கெந்திங் மலைக்கும் கிளம்பிவிடாதீர்கள், அது சுமார் 1,800 மீட்டர் உயரம். வேறு எதற்காவது மயக்கம் கொடுப்பதாக இருந்தாலும் கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பார்வை மெதுவாகத்தான் திரும்பியது. சமையலறை டைல்ஸ் கோடுகள் மாதக்கணக்கில் வளைந்தே தெரிந்தன. ஒரு வருடம் வரை சிறிது சிறிதாகத் தேறியது. இடையில் கண்புரை வந்தது, விட்ரெக்டமிக்குப் பின் அது சகஜம்; அதையும் எடுத்தார்கள். இன்று அந்தக் கண்ணில் 6/12, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 12 மீட்டரில் படிப்பதை நான் 6 மீட்டரில்தான் படிப்பேன். பழையபடி இல்லை, ஆனால் படிக்கிறேன்.

அப்பாவின் இன்னொரு கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கவிழ்ந்து படுக்கச் சொன்னால் கழுத்து வலியைவிடத் தனிமைதான் கொடுமை. தலைமாட்டில் ஒலி 968 மாதிரி ஒரு தமிழ் வானொலி ஓடட்டும், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள்.