விதி தெரிகிறது, விடைதான் தப்பாகிறது

அக்கா, பத்தாவது படிக்கும் உங்கள் மகள் இலக்கண விதியை எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஆனால் காலாண்டில் ஆங்கிலம் 38 தான் என்று பாலக்கோட்டிலிருந்து எழுதியிருந்தீர்கள். 35 பாஸ், அதனால் பயம் வேண்டாம். இங்கே கிருஷ்ணகிரியில் மாலையில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், எல்லாரும் இதே கதைதான்.

பத்தி வந்தால் முதலில் கேள்வியைப் படிக்கச் சொல்லுங்கள், அப்புறம் பத்தி. 'ஒய் டிட் ராமு கோ டு ஓசூர்?' என்று கேட்டால் பாதிப் பேர் 'ராமு டிட் கோ' என்று கேள்வியையே திருப்பி எழுதிவிடுவார்கள். பதிலில் டிட் போகிறது, கோ வென்ட் ஆகிறது. உங்கள் மகளின் விடைத்தாளை எடுத்துப் பாருங்கள், இந்தத் தப்பு நிச்சயம் இரண்டு மூன்று இடத்திலாவது இருக்கும்.

செயப்பாட்டு வினைக்குப் பத்து வாக்கியம் வேண்டாம், ஒன்று போதும், நம்ம ஊர் மாம்பழமே இருக்கிறதே: 'ஷி செல்ஸ் மேங்கோஸ்', 'மேங்கோஸ் ஆர் சோல்ட் பை ஹர்'. இதையே நேற்று, இப்போது, நாளை என்று மாற்றச் சொல்லுங்கள். வேர் சோல்ட், ஆர் பீயிங் சோல்ட், வில் பி சோல்ட். சோல்ட் அசையவே இல்லை, முன்னால் இருப்பதுதான் மாறுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

கைடைப் பார்த்து எழுதினால் கையெழுத்துதான் அழகாகும் (நானும் அப்படி எழுதியவன்தான்). மூடி வைத்து எழுதியதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.