மாடிக்கு ஒரு வெள்ளை வேட்டி

(காட்பாடியில் 38 வருடம் கரண்டி பிடித்த கட்டட மேஸ்திரி, வாசகர் கேள்விகளுக்குச் சொல்லும் பதில்கள்)

கேள்வி: மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ராத்திரி 10 மணிக்கும் மெத்தை கொதிக்கிறது. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஏசி வாங்கிவிடலாம் என்கிறார் என் கணவர். வாங்கலாமா?
– வாசகி, சத்துவாச்சாரி

வாங்குங்கள் அம்மா, நான் தடுக்கவில்லை. ஆனால் ஒரு நாள் மதியம் 2 மணிக்குச் செருப்பில்லாமல் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். நிற்க முடியவில்லை அல்லவா? அந்த ஐந்து அங்குல கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலைத்தான் ராத்திரி உங்கள் தலைமேல் இறக்குகிறது. மரமில்லாத மலை என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, அந்தப் பாறைகள் செய்வதும் இதேதான். பொழுது சாய்ந்தபின் மலையடிவாரத் தெருவில் நடந்தால் அடுப்போரம் நடப்பது போல இருக்கும். ஏசி மாட்டினாலும் அது அந்தக் கான்கிரீட்டோடுதான் விடிய விடிய மல்லுக்கட்ட வேண்டும்.

ஆகவே முதலில் மாடிக்கு வெள்ளை வேட்டி கட்டுங்கள். கல் சுண்ணாம்பை வாங்கி ஒரு பழைய டிரம்மில் தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க நீர்க்க விடுங்கள். புஸ்ஸென்று கொதிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் தெறித்தால் ஆபத்து. மறுநாள் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அந்தக் காலத்தில் சோறு வடித்த கஞ்சி சேர்ப்போம். இப்போது ஒட்டுவதற்கு வெள்ளை சிமென்டோ ஃபெவிகாலோ சேர்க்கிறார்கள். பாசியைச் சுரண்டி, தரையைக் கழுவி, ஈரம் இருக்கும்போதே விடியற்காலையில் ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. காய்ந்த தரையில் அடித்தால் மாவாக உதிர்ந்துவிடும். மழைக்காலத்தில் எப்படியும் கொஞ்சம் கரையும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். கடையில் விற்கும் கூலிங் பெயிண்ட் இன்னும் பல வருடம் தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி. வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பே போதும். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஒரு பழைய பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994-ல் கொசப்பேட்டையில் ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடித்தேன். தேக்கு உத்தரம், அதன்மேல் நிறுத்தி வைத்த செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், கடைசியாகத் தட்டோடு. சித்திரை வெயிலில் சித்தாள் பிள்ளைகள் மதியச் சோறு தின்றுவிட்டு அதன் அடியில்தான் தூங்கினார்கள். எழுப்பவே முடியாது. அதை உடைத்துவிட்டுக் கான்கிரீட் போட்டுக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தால் எனக்குப் போன் போட்டுத் திட்டுவார்.

கேள்வி: சாயங்காலம் மாடியில் பத்து குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். பிரயோஜனம் உண்டா?
– வாசகர், வாலாஜா

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் கரண்டுக்குச் சமமான சூட்டை எடுத்துக்கொண்டு போகும். அது பெரிய விஷயம்தான். ஆனால் நீங்கள் ஊற்றுவதில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய் வழியே தெருவுக்கு ஓடிவிடுகிறது. பழைய கோணிச் சாக்குகளை விரித்து, அவை நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். இரண்டு குடம் போதும். பாலாறு இருக்கிற நிலையில் பத்து குடம் கொஞ்சம் அதிகம், தம்பி.

கேள்வி: குழித்தறி போட்டிருக்கிறோம். சிமென்ட் ஷீட் கூரை. மதியத்துக்குமேல் தறியில் உட்கார முடியவில்லை, பாவு நூலும் அடிக்கடி அறுகிறது.
– நெசவாளர், குடியாத்தம்

காற்று காய்ந்து போனால் பருத்தி நூல் அறும், இது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஷீட்டுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுச் சவுக்குக் கம்பு நட்டுக் கீற்றுப் பந்தல் போடுங்கள். இடைவெளி முக்கியம், அதன் வழியாகக் காற்று ஓடினால்தான் சூடு வெளியே போகும். கரண்ட் ஒயர் கீற்றைத் தொடக்கூடாது. ஆடிக் காற்றுக்கு முன் பிரித்துவிடுங்கள். ஷீட் பழையதாக இருந்தால் அதைச் சுரண்டவோ ஓட்டை போடவோ வேண்டாம், அதில் இருக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தூசி நெஞ்சுக்குக் கெடுதல்.

கேள்வி: தெற்குச் சுவரில் பெரிய ஜன்னல். வெயில் தாக்கும், அடைத்துவிடு என்கிறார்கள் எல்லோரும்.
– வாசகி, ஆற்காடு

அடைக்காதீர்கள். ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிட்டு வடக்கே நகர்கிறது. ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்பி வருகிறது. கத்திரி வெயிலில் உங்கள் தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே கிடையாது. மார்கழியில்தான் வரும், அப்போது அது இதமாக இருக்கும். வில்லன் மேற்குச் சுவர். 3 மணிக்குமேல் படுத்தவாக்கில் அடிக்கிற வெயிலைச் சன்ஷேடு தடுக்காது.

இதைச் சொல்லும் நானே என் வீட்டுப் படுக்கையறையை மேற்கில் வைத்துக் கட்டியவன்! மனை அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் வீட்டுக்காரம்மா சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் கம்பிக் கொடி கட்டிக் கோவைக்கொடி படரவிட்டாள். இப்போது சாயங்காலம் அந்தச் சுவரில் கை வைத்தால் கையை எடுக்கத் தோன்றுவதில்லை. பொரியலுக்குக் காயும் ஆச்சு.

கேள்வி: ஏர் கூலர் வாங்கினோம். குளிர்வதற்குப் பதில் உடம்பெல்லாம் பிசுபிசுக்கிறது.
– வாசகர், காட்பாடி

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி வைத்திருப்பீர்கள். கூலர் ஏசி இல்லை. ஜன்னலோரம் வைத்து, வெளிக்காற்றை உள்ளே இழுக்க விட்டு, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். நம் ஊர்க் கோடை வறண்டது. சென்னைக்காரர்களைவிட நமக்குக் கூலர் நன்றாகவே வேலை செய்யும். போர் தண்ணீரில் உப்பு படியும், கூலரில் தண்ணீர் ஊறும் பேடை (pad) அவ்வப்போது கழுவுங்கள். மழை பெய்த அன்று தொடாதீர்கள்.

கேள்வி: கோடையில் மட்டும் கரண்ட் பில் எகிறுகிறது. மூன்று ஃபேன், ஒரு ஏசி. எதில் குறைப்பது?
– வாசகி, ராணிப்பேட்டை

இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுக்கும் விலை ஏறும். அதனால் 480-க்கும் 510-க்கும் பில்லில் பெரிய வித்தியாசம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி (BLDC) என்கிற புது வகை ஃபேன் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். மாட்டும்போது சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் பழுதாகும். ஏசியை 26-ல் வைத்துக்கொண்டு ஃபேனைச் சின்னதாக ஓட விடுங்கள். 18-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீடு அப்படியா என்று எழுதவில்லையே அம்மா!