பாடலை முதலில் படியுங்கள்: தேரர், தேரியர் (புத்தரின் மூத்த துறவியர், பெண் துறவியர்) பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஆனந்தர் 25 ஆண்டுகள் புத்தருக்குப் பணிவிடை செய்தவர். புத்தர் வாழ்ந்த காலத்திலேயே அவர் ஏன் அரகந்தர் (முழு விடுதலை பெற்றவர்) ஆகவில்லை?

பதில்: புத்தரின் இறுதி நாளில் கதவைப் பிடித்துக்கொண்டு, ‘நான் இன்னும் கற்க வேண்டியவன்’ என்று அழுதவர் அவர். பிறகு இராசகிருகத்தில் துறவியர் சங்கம் கூடவிருந்த நாளுக்கு முந்தைய இரவு முழுவதும் உடல்மீது கவனம் வைத்துப் பயின்றார். விடியலில் படுக்கச் சாய்ந்தார். கால்கள் தரையை விட்டு எழுந்துவிட்டன. தலை தலையணையைத் தொடவில்லை. விடுதலை கிடைத்தது அந்த நொடியில்தான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

கேள்வி: இறந்த குழந்தையைப் பிழைக்க வைக்க, சாவே நிகழாத வீட்டிலிருந்து கிசாகோதமி கடுகு தேடி அலைந்தது உண்மையா?

பதில்: தேரியர் பாடல்களின் தொகுப்பான தேரிகாதையில் அவருடைய பாடல்களில் கடுகு இல்லை. பாடல் வேறு, பிற்கால உரைக்கதை வேறு. பாடலை முதலில் படியுங்கள்.

கேள்வி: நம் குண்டலகேசிக் காப்பியத் தலைவி உண்மையிலேயே புத்தரின் சீடரா?

பதில்: ஆம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அவர் பத்தா குண்டலகேசா. கள்வனைக் காதலித்து மணந்ததும், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்றவனைத் தள்ளிவிட்டதும், நாவல் கிளை நட்டு வாதுக்கு அழைத்ததும், புத்தரின் முதன்மைச் சீடரான சாரிபுத்தரிடம் தோற்றதும் தேரிகாதை உரையில் வருகின்றன. தருமபாலர் அந்த உரையைப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதினார். பத்தாவின் சொந்தப் பாடலிலோ கள்வனும் இல்லை, மலையுச்சிக் கொலையும் இல்லை. ‘தலைமயிர் களைந்து, அழுக்கேறி, ஒற்றை ஆடையோடு திரிந்தேன். குற்றமற்றதில் குற்றம் கண்டேன்’ என்கிறார். கழுகுமலையில் புத்தரைக் கண்டு மண்டியிட்டதும் ‘வா, பத்தா’ என்றாராம். அதுவே அவருக்குத் துறவு. பிறகு அங்கம், மகதம், வச்சி, காசி, கோசலம் எங்கும் 50 ஆண்டுகள் கடன்படாமல் மக்கள் இட்ட பிச்சையை உண்டேன் என்கிறார்.

கேள்வி: குண்டலகேசியை மறுத்த சமண நூலான நீலகேசியின் உரையில் உள்ளதுதானே மூலக்கதை? பாலிக் கதை அதன் திரிபு.

பதில்: இல்லை. அந்த உரை பிற்காலத்தது. அதிலும் பத்தாவின் ஊர் இராசகிருகம்தான். ஊடலில் ‘நீ கள்வன் அல்லவா’ என்று சொன்ன சொல்லால் கணவன் சினந்தான் என்பது தமிழ்க்கதை. பாலி உரையில் அவன் விரும்பியது அவளுடைய நகைகளை. தமிழ்க் காப்பியத்தில் 19 பாடல்கள்தான் எஞ்சியுள்ளன. இவ்வளவு குறைந்த சான்றை வைத்து மூலத்தைப் புரட்டிவிட முடியாது.

கேள்வி: கணவனைக் கொன்றவர் எப்படி அரகந்தை ஆக முடியும்?

பதில்: பலரைக் கொன்று விரல்களை மாலையாக அணிந்த அங்குலிமாலரை ஏற்றுக்கொள்கிறீர்கள், பத்தாவை ஏன் மறுக்கிறீர்கள்? இவர் தள்ளியது தன் உயிரைக் காக்க. அங்குலிமாலர் துறவியான பிறகு பிச்சைக்குப் போனார். கல்லடி பட்டுத் தலையில் இரத்தம் வழியத் திரும்பினார். ‘பொறுத்துக்கொள்’ என்றார் புத்தர். விடுதலை பெற்றவருக்கும் செய்த வினையின் பலன் வந்தது.

கேள்வி: அங்குலிமாலரிடம் ஆயிரம் விரல் கேட்ட குரு யார்?

பதில்: அவரைப் பற்றிய சூத்திரத்தில் (பழைய பாலி மூலத்தில்) குருவும் இல்லை, ஆயிரமும் இல்லை. அது பிற்கால உரைக்கதை.

கேள்வி: கிசாகோதமியின் கடுகு…

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பத்தாவின் பாடல் எப்படி முடிகிறது?

பதில்: தமக்குச் சீவர (துறவு) ஆடை கொடுத்த ஓர் உபாசகரை (இல்லறத்தில் இருந்த பக்தரை) நினைத்து. அறிவுடைய அவர் பெரும் புண்ணியம் ஈட்டினார் என்கிறார். அவர் பெயரைச் சொல்லவில்லை.