ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவிலுள்ள காட்டுக்கு இயற்கை, பண்பாடு என யுனெஸ்கோவின் இரட்டை உலகப் பாரம்பரியத் தகுதி ஏன்?

ஆளே இல்லாத காட்டில் பண்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்கள். ஆள் இருந்திருக்கிறார்கள், அதுவும் பனியுகத்திலேயே. பிராங்ளின் ஆற்றங்கரையில் குட்டிக்கினா என்றொரு குகை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பழங்குடியினர் வாலபியை (சிறிய கங்காரு போன்ற விலங்கு) வேட்டையாடித் தின்றுபோட்ட எலும்புகளும் கல் கருவிகளும் அதில் குவிந்து கிடந்தன. அப்போது சுற்றிலும் பெரும்பாலும் புல்வெளிதான். குளிர் தணிந்த பிறகே மழைக்காடு வந்து மூடியது.

இயற்கைக்கு ஹியூவான் பைன் என்ற மரம் ஒன்றே போதும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் பருக்கும். ஆனால் 2,000 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மரத்திலுள்ள எண்ணெய் பூச்சியை அண்டவிடாது.

1982இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது வெறும் கௌரவமல்ல. குகையை மூழ்கடித்திருக்கக்கூடிய அணைத் திட்டத்தை மத்திய அரசு தடுத்தது செல்லும் என 1983இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 4-3 என்று தீர்ப்பளித்ததற்கு இந்தத் தகுதியே அடிப்படை.